நோயும் பேரும்: மலையகத் தோட்டங்களில் துன்பத்தை எதிர்கொண்ட வரலாறு

நோயுற்ற மனிதர் தம் நோயை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பது மருத்துவ உளவியலின் முக்கிய ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. 1984இல் ரிச்சர்ட் லாசரசும் சூசன் போல்க்மனும் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படையான ஒரு வகைப்பாட்டைத் தந்தது. துன்பத்துக்குக் காரணமான நிலைமையையே மாற்ற முயல்வது ஒரு வழி. அந்நிலைமை மனத்தில் எழுப்பும் உணர்ச்சிகளைத் தணித்துக்கொள்வது மற்றொரு வழி. நிலைமையைத் தம்மால் மாற்ற இயலுமென ஒருவர் மதிப்பிடுவதைப் பொறுத்தே அவர் கைக்கொள்ளும் வழி அமைகின்றது என்பது அவர்தம் கருத்து.

இவ்வகைப்பாடு பயனுடையது. ஆயின் அம்மதிப்பீடு தனிமனித மனத்துள் மட்டும் நிகழ்வதன்று. எதனை மாற்றலாம், எதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு மக்கட் கூட்டத்துக்குக் கற்பிப்பது அதன் வரலாறே. மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. அவ்வரலாற்றை அறியாது அவர்களிடையே உளச்சிகிச்சை செய்யப் புகுவோர் நோயைக் காண்பரேயன்றி நோயாளியைக் காணமாட்டார் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

1

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாகச் செல்லும் வீதியில் அமைந்தது ராகலை. 1904இல் நானுஓயாவிலிருந்து இவ்வூர்வரை குறுகிய இருப்புப்பாதையொன்று நீண்டது. தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்கவும், அரிசியையும் உரத்தையும் மலைக்கு ஏற்றவும் அது பயன்பட்டது. 1940களில் அது கைவிடப்பட்டது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்தோருக்காக அப்பாதை இடப்படவில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை. பெருந்தோட்டப் பொருளாதாரத்தில் பாதையும் லயமும் மருந்தும் உற்பத்திச் செலவின் பகுதிகளாகவே கணிக்கப்பட்டன.

மருத்துவம் இக்கணக்குக்குள் வந்ததற்கு ஆதாரம் 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்குத் தோட்ட உடைமையாளரும் பொறுப்பேற்க வேண்டுமென்னும் நிலையை அது தோற்றுவித்தது. 1912இல் இயற்றப்பட்ட சட்டங்கள் அப்பொறுப்பை மேலும் வரையறுத்தன. இவை வெறும் மனிதாபிமானத்தால் விளைந்தவையல்ல. தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டோர் பெருந்தொகையாக மடிந்தமை குடியேற்ற அரசுக்கு நெருக்கடியாயிற்று. ஆள்வரவு தடைப்படின் தோட்டமும் தடைப்படும். எனவே தொழிலாளியின் உடல் காக்கப்பட வேண்டியதாயிற்று; உழைப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டுமே காக்கப்பட்டது.

2

தோட்டத்து அன்றாட வாழ்வின் மையச் சொல் ‘பேர்’. அதிகாலையில் தப்பு ஒலிக்கப் பிரட்டுக்களத்திற் கூடி, வேலைக்குச் சென்று, நிர்ணயித்த அளவு கொழுந்து கொடுத்தால் ‘பேர்’ விழும், குறைந்தால் ‘அரைப்பேர்’. பேர் என்பது ஒரு நாளின் கூலி. மனிதரின் அடையாளத்தைக் குறிக்கும் சொல்லே அவரது ஒருநாள் உழைப்பின் அலகாகவும் மாறியமை தற்செயலானதன்று. செக்ரோலிற் பதியப்படும் அளவுக்கே அம்மனிதர் இருப்புடையவராகக் கருதப்பட்டார்.

இத்தகைய ஒழுங்கில் நோய் என்பது முதலில் ஒரு நிருவாகப் பிரச்சினை. வேலைக்கு வராதவர் நோயுற்றவரா, சோம்பேறியா எனத் தீர்மானிக்கும் அதிகாரம் கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் தோட்ட மருந்தகத்திலும் இருந்தது. காய்ச்சலை வெப்பமானி காட்டும். புண்ணைக் கண் காணும். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் நெஞ்சுப் பாரத்தை எது காட்டும்? துக்கத்துக்குச் செக்ரோலில் நிரல் இருக்கவில்லை. ஆகவே துக்கமும் அச்சமும் உடலின் மொழியைப் பேசக் கற்றுக்கொண்டன. ‘கைகால் ஓய்ச்சல்’, ‘தலை கிறுகிறுப்பு’, ‘நெஞ்சு படபடப்பு’, ‘உடம்பு முடியவில்லை’ என்பன வெறும் உடற்குறிகள் அல்ல; ஒரு நாள் ஓய்வைப் பெற்றுத்தரவல்லதாக அமைப்பு ஏற்றுக்கொண்ட ஒரே மொழி அவை.

இவ்வமைப்பு உண்மையான உடல்நோயையும் ஒழுக்கக் குறையாகவே கண்டது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. வெறுங்காலுடன் உழைப்போரின் குருதியை உறிஞ்சிச் சோர்வை உண்டாக்கும் இப்புழுவை, ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்கள் தொடர்பாக எழுதிய பத்திரிகைகள் ‘சோம்பலின் கிருமி’ என அழைத்திருந்தன. குருதிச்சோகை சோம்பலாகப் பெயர்பெற்ற இடத்தில், மனச்சோர்வு வேறெப்பெயரைப் பெற்றிருக்கும்?

3

மருந்தகம் செவிகொடாத துன்பத்துக்கு மக்கள் தாமே செவிகொடுத்தனர். சாவு வீட்டில் பெண்கள் கூடிப் பாடும் ஒப்பாரி, இறந்தவரை மட்டும் பாடுவதில்லை. பாடுபவளின் தனிக்குறையும் அதனூடே பொதுக்குறையாகின்றது. காமன் கூத்தில் எரியுண்ட காமனுக்காக ஊரே அழுகின்றது. தொழிற்சாலையின் சக்கரத்துக்கு அஞ்சியோர் அங்கே ரோதைமுனியை அமர்த்தி வழிபட்டனர். விளங்காத இயந்திரத்தின் ஆபத்தைப் பேசித் தணிக்கக்கூடிய ஒரு தெய்வமாக்கியமை, உழைப்பின் அச்சத்தை எதிர்கொள்ளக் கண்ட வழியேயாகும். கணநாத் ஒபயசேகர 1985இல் வெளியான தமது கட்டுரையிலே, மனச்சோர்வுக்குரிய உணர்ச்சிகள் பண்பாட்டின் வழியாகப் பொதுப் பொருள் பெற்று மாற்றமுறுவதைச் சிங்கள பௌத்த வாழ்வைக்கொண்டு விளக்கினார். மலையகத்துச் சடங்குகளுக்கும் அந்நோக்கு பொருந்தும். தொழிற்சங்கவாதியும் கவிஞருமான சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் பாடல்களைத் திரட்டிப் பேணியமை இவ்வகையில் உளவியலுக்கும் ஆற்றப்பட்ட தொண்டாகும்.

எனினும் இவற்றைப் போற்றிப் பாடுவதோடு நின்றுவிடலாகாது. சடங்கு துன்பத்தைத் தணித்தது. துன்பத்தின் மூலத்தைத் தொடவில்லை. சாதி ஏற்றத்தாழ்வும் சடங்கினூடே லயத்துக்குள் வந்தது. தப்படிப்பவர் யார் என்பதும் முதன்மரியாதை யாருக்கு என்பதும் சாதியாலேயே தீர்மானிக்கப்பட்டன. ஆண்களின் துயரம் சாராயத்தை நாடியபோது அதன் சுமை பெண்களின் முதுகில் மேலுமொரு கூடையாக ஏறியது.

லாசரஸ் கூறும் முதல் வழி, அதாவது நிலைமையையே மாற்றும் வழி, மலையகத்தில் தொழிற்சங்கமாக உருக்கொண்டது. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். விதியெனத் தாங்கியதை அநீதியெனப் பெயரிடத் தொடங்கிய காலம் அது. இப்பெயர்மாற்றத்தின் உளவியல் விளைவு கூலி உயர்வின் விளைவுக்குச் சற்றும் குறைந்ததன்று.

அவ்வழி தோன்றிய வேகத்திலேயே அடைக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. செக்ரோலில் பேர் இருந்தது. வாக்காளர் இடாப்பில் பேர் இல்லை. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அதே 1974இல் உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே பெருமளவில் முடிவு கண்டது. நிலைமையை மாற்ற இயலாதென ஒரு மக்கட் கூட்டம் அரை நூற்றாண்டுக் காலம் சட்டத்தாற் கற்பிக்கப்பட்ட பின்னர், அவர்தம் ‘செயலின்மை’யை ஆளுமைக் குறைபாடெனக் கூறுதல் ஆய்வாகாது.

4

இவ்வரலாற்றின் ஒளியில் இலங்கையில் நிகழ்ந்த ஓர் ஆய்வு புதிய பொருள் பெறுகின்றது. மருத்துவப் பரிசோதனையிற் காரணம் புலப்படாத உடற்குறிகளோடு மீண்டும் மீண்டும் வைத்தியரை நாடுவோரைப் பற்றி உளமருத்துவர் அதுல சுமதிபாலவும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். 2000இல் வெளிவந்த முதலாய்வு, சிந்தனை-நடத்தைச் சிகிச்சை பெற்றோர் வழக்கமான கவனிப்புப் பெற்றோரைவிட நலமுற்றனர் எனக் காட்டியது. 2008இல் வெளிவந்த ஆய்வில், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முறைப்பாடுகளையுடைய 150 நோயாளர் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு சாராருக்குக் குறுகிய காலப் பயிற்சி பெற்ற வைத்தியர்கள் அச்சிகிச்சையை அளித்தனர். மற்றச் சாரார் அதேபோன்று ஒழுங்குபடுத்தப்பட்ட கவனிப்பை மட்டும் பெற்றனர். இரு சாராரும் மூன்று மாதத்தில் நலமுற்றனர். அந்நலம் ஓராண்டுவரை நிலைத்தது. இரு சாராருக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை.

இவ்வாய்வு தோட்டங்களில் நிகழ்ந்ததன்று. எவ்விதக் கவனிப்பும் பெறாத ஒரு சாரார் ஒப்பீட்டுக்கு இன்மையால் அதன் முடிவை மிகைப்படுத்தலும் ஆகாது. ஆயினும் குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒருவர் தம் முறைப்பாட்டை அவசரமின்றிச் சொல்ல மற்றொருவர் கேட்டிருத்தலே சிகிச்சையின் பெரும்பகுதியாக இருக்கலாமென எண்ண அது இடந்தருகின்றது. உளச்சிகிச்சையாளரின் திறன்கள் யாவை என 1957இல் வினவிய கார்ல் றொஜர்ஸ், நோயாளியின் உலகை உள்ளிருந்து உணர்தலையும் நிபந்தனையற்ற மதிப்பையுமே முதன்மைப்படுத்தினார். ‘சோம்பேறி’ என்னும் சொல்லைத் தலைமுறைகளாகக் கேட்ட ஒருவருக்கு அம்மதிப்பு எளிய பண்டமன்று.

இத்திறன் பட்டதாரிகளின் தனியுடைமையுமன்று. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் அரசாங்கச் சுகாதாரப் பெண் பணியாளர் பயிற்சி பெற்று, மனச்சோர்வுற்ற தாய்மாரை வீடுதோறும் சந்தித்தனர். 2008இல் அதீப் ரஹ்மான் குழுவினர் வெளியிட்ட முடிவின்படி, ஆறு மாதத்தின் பின் அத்தாய்மாருள் 23 வீதத்தினரிடமே கடும் மனச்சோர்வு எஞ்சியது. இச்சிகிச்சை பெறாதோருள் அது 53 வீதமாக இருந்தது. தோட்டங்களின் குடும்பநல உத்தியோகத்தரும் பிள்ளை பராமரிப்பு நிலையப் பெண்களும் இத்தகைய பணிக்குத் தகுதியற்றோர் எனக் கூற எவ்வித நியாயமும் இல்லை.

5

முற்போக்காளரிடையே ஒரு மறுப்பு எழக்கூடும். கூலியும் வீடும் நிலமும் கிடைப்பின் மனநோய் தானே நீங்கும். அதற்குமுன் உளவளத்துணை என்பது சுரண்டலுக்குப் பூசும் தைலம் என்பதே அது. இது பொருள்முதல்வாதமன்று, பொருளாதாரவாதம். உற்பத்தி உறவுகள் மனிதரின் மனத்தையும் உடலையும் உருவாக்குகின்றன என்று ஏற்பவர், அவ்வாறு உருவான மனம் இன்று படும் வேதனையை நாளைய மாற்றத்துக்கென ஒத்திவைத்தல் பொருந்தாது. மறுபுறம், லயத்து அறையொன்றில் மூன்று தலைமுறை நெருங்கி வாழும் பெண்ணுக்கு மூச்சுப்பயிற்சியை மட்டும் கற்பித்து விடைபெறும் உளவியலும் அதே அளவு குறையுடையது.

இவ்விரு குறைகளையும் களையும் முயற்சி மிக எளிய கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும். சிகிச்சையாளர் நோயாளியின் தமிழை அறிவாரா? பிறர் காது எட்டாது பேச ஓரிடம் உண்டா? யாவற்றினும் மேலாக, வைத்தியரைக் காணச் செல்லும் நாளுக்குப் பேர் விழுமா? அரை மணி நேரம் தன் துயரைச் சொல்ல ஒரு தொழிலாளி ஒரு நாட் கூலியை இழக்க வேண்டுமாயின், அவள் துயரைச் சொல்லாள். தலைவலிக்கு இரண்டு மாத்திரை வாங்கிக்கொண்டு மலையேறுவாள். அவள் வாய்திறவாமையை உளவியலாளர் நோய்க்குறியெனப் பதிவு செய்யக்கூடும். அது ஒரு கணக்கு. நூறாண்டுக்கு மேலாக இம்மக்கள் செக்ரோலிடம் கற்ற கணக்கு. அக்கணக்கை மாற்றுவது தொழிற்சங்கத்தின் கடமை. அதனை வாசிக்கக் கற்பது உளவியலின் கடமை. ஒன்றின்றி மற்றது நிறைவுறாது.