தோரியனைற்று

இலங்கையிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டு உலகுக்கு அறிமுகமான கனிப்பொருள். பெரும்பங்கு தோரியம் ஈரொட்சைட்டு, யுரேனியமும் கலந்திருக்கும். சப்பிரகமுவவில் பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் ‘இல்லம்’ எனப்படும் மாணிக்கச் சரளையை அலசும்போது அடியில் தங்கும் சின்னஞ்சிறு கறுப்புக் கனசதுரங்கள் இவை. நீரைவிட ஒன்பது மடங்கு பாரமானவை என்பதால் அலசலில் அடித்துப்போவதில்லை.

1904இல் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த ஆனந்த குமாரசுவாமி இதனை யுரேனியக் கனியம் என்றே முதலில் கருதினார். இலண்டனில் பகுத்துப் பார்த்த விந்தம் டன்ஸ்டன், தோரியமே மிகுதி எனக் கண்டு பெயரிட்டார். குமாரசுவாமியைக் கலை அறிஞராக மட்டுமே நாம் நினைவில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் அரைகுறை மரியாதை.

தோரியத்துக்கு அன்று கிராக்கி விளக்கினால் வந்தது. மின்சாரம் வருமுன் கல்முனை, மாவடிப்பள்ளிப் பக்கத்துக் கலியாணப் பந்தல்களில் இரைந்த பெற்றோமக்ஸ் விளக்கின் மென்டில், தோரியம் நைத்திரேற்றில் தோய்த்த வலைப்பை. முதல் தடவை கொளுத்தும்போது நூல் எரிந்துபோகும்; நைத்திரேற்று பிரிகையுற்று ஒட்சைட்டாகிப் பை வடிவத்திலேயே தொங்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும் அந்த வெள்ளைச் சாம்பல்தான் வெளிச்சம் தருவது.

இரசாயனத் தாக்கம் இப்படி அணுக்களின் சேர்க்கையை மாற்றுமே தவிர, தோரியத்தைத் தோரியமல்லாததாக்காது. கதிர்த்தொழிற்பாடு ஆக்கும். தோரியம் படிப்படியாகத் தேய்ந்து ஈயமாகிறது; வழியில் வெளியேறும் ஈலியம் கல்லுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. தோரியனைற்றை அமிலத்தில் கரைத்தால் அது வாயுவாக வெளிவரும்.

1905இல் வில்லியம் ராம்சேயின் இலண்டன் ஆய்வுகூடத்தில், இக்கல்லிலிருந்து எடுத்த பேரியம் உப்பில் ரேடியத்தைப் பிரிக்க முயன்ற இளைஞர் ஓட்டோ ஹான், புதிய பொருளொன்றைக் கண்டு ரேடியோதோரியம் என்றார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அதைத் தோரியத்துடன் கலந்துவிட்டால் எந்த இரசாயன முறையாலும் மீண்டும் பிரிக்க முடியவில்லை. இத்தகைய புதிய ‘மூலகங்கள்’ பெருகப் பெருக, 1869இல் மெண்டலீவ் அணுநிறைப்படி வகுத்த ஆவர்த்தன அட்டவணையில் அவற்றை வைக்க இடமில்லாமல் போயிற்று.

1913இல் பிரெடெரிக் சொடி வழி சொன்னார்: ஒரே கட்டத்தில் நிறை வேறுபட்ட அணுக்கள் பல இருக்கலாம். அவையே சமதானிகள். கட்டத்தைத் தீர்மானிப்பது அணுவெண்ணே என்று அதே காலத்தில் ஹென்றி மோஸ்லி நிறுவினார். சொடிக்குச் சான்றும் இலங்கையிலிருந்தே கிடைத்தது. தோரியனைற்றின் உறவுக் கல்லான தோரைற்றிலிருந்து பிரித்த ஈயத்தின் அணுநிறை 207.74; சாதாரண ஈயத்தினது 207.2. யுரேனியக் கனியங்களின் ஈயமோ 206ஐ ஒட்டியது. மூன்றும் இரசாயனத்தில் ஒரே ஈயம்.

கிழக்குக் கரையில் புல்மோட்டைக் கருமணலில் கலந்துள்ள மொனசைற்றிலும் தோரியம் உண்டு.