ஆவணப்படமும் தோட்டத் தமிழரும்

தோட்டத் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, அவற்றினிடையே வெள்ளைத் துணியொன்றை இழுத்துக் கட்டுவார்கள். தகவல் இலாகாவின் வண்டி மாலையிலேயே வந்து நின்றிருக்கும். இருள் கவிந்ததும் படம் தொடங்கும். 1970களில் லாபிஸ் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்த என் போன்றோர்க்கு ஆவணப்படம் இவ்வாறுதான் அறிமுகமாயிற்று. கதைப்படத்திற்கு முன்னர்ச் சிறு படங்கள் சில ஓடும். கொசு ஒழிப்பு, பால்மரம் சீவும் முறை, புதிய சாலைகள் என்று அவற்றின் பொருள் விரியும். பெரியவர்கள் அவற்றைச் 'சும்மாப் படம்' என்று ஒதுக்கிவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்குவர். பிள்ளைகளாகிய நாங்களோ ஒன்றையும் விடாமல் பார்த்தோம்.

இன்றைய மாணவன், இம்மாதம் வெளிவந்துள்ள புதிய ஆவணப்படங்கள் எவையென்று கைப்பேசியிலேயே பட்டியல் பார்க்கிறான். ஆழ்கடல் மீனுக்கும் கால்பந்து வீரருக்கும் அப்பட்டியலில் இடமுண்டு. அவனுடைய பாட்டனாருக்கு இடமுண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

உண்மை நிகழ்வைப் படமாக்கும் கலைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1926இல் பரவச் செய்தவர் ஜான் கிரியர்சன் என்பார். அவர் இங்கிலாந்தில் தோற்றுவித்த படப்பிடிப்பு மரபின் வழிவந்ததே 1946இல் கோலாலம்பூரில் அமைந்த மலாயாத் திரைப்படப் பிரிவு. 1963இல் அது பிலிம் நெகாரா மலேசியா எனப் பெயர் மாறியது. அதன் படங்களுக்கு மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் விளக்கவுரை சேர்க்கப்பட்டது. அவசரகாலம் நடைபெற்ற 1948 முதல் 1960 வரை அப்படங்கள் அரசின் குரலாகவே ஒலித்தன. லாபிஸ், சிகாமட் பகுதிகள் அக்காலத்தில் எத்துணை அச்சத்தில் வாழ்ந்தன என்பதை நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அப்படங்களை நான் இகழ்வதற்கில்லை. பள்ளிக்கு வெளியே திருத்தமான தமிழ் உரைநடையை என் செவி முதன்முதலிற் கேட்டது அத்திடலில்தான். பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உச்சரிப்புப் பயிற்சியின்போது என் நினைவில் எழுந்ததும் அக்குரலே. ஆயினும் ஒரு குறை உண்டு. பால் வெட்டும் கையைப் படம் காட்டியது. அக்கைக்கு உரியவரின் பெயரைக் காட்டவில்லை. தமிழ்க்குரல் நம்மை நோக்கிப் பேசியது, நம்மைப் பேசவிடவில்லை.

தமிழர் தாமே முயன்று ஆவணப்படம் எடுத்ததில்லையோ எனின், மிகப் பெரிய முன்மாதிரியே உண்டு. கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியார், 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுப்பதென்று துணிந்தார். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். பல நாடுகளிற் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ 1,00,000 மைல் பயணம் செய்து, 50,000 அடி நீளமுள்ள படத்தைத் திரட்டினார். அதனின்றும் தொகுத்த 12,000 அடிப் படம் 1940 ஆகஸ்டில் தமிழ் விளக்கவுரையுடன் சென்னையில் வெளிவந்தது. பிறர் எடுத்து மறந்தவற்றைத் தேடிக் கோத்ததே அவர் செய்த பெருந்தொண்டு. ஆனால் அம்மூலப் படமே பிற்காலத்தில் காணாமற் போயிற்று. 1953இல் உருவான ஆங்கில வடிவத்தின் படியொன்று, செட்டியார் 1983இல் மறைந்து இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலால் அமெரிக்காவிற் கண்டறியப்பட்டது. காந்தியடிகளின் படத்திற்கே இந்நிலை!

நம் தோட்ட மக்களுக்கு அத்தகைய செட்டியார் ஒருவர் உரிய காலத்தில் வாய்க்கவில்லை. ஜப்பானியர் ஆட்சியில், 1942க்கும் 1943க்கும் இடையே, சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் இரயில்பாதை போடப்பட்டது. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைப் பல்லாயிரக்கணக்கில் மாய்த்தன. நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் எழுந்தன. தமிழரோ பெயரின்றிக் காட்டிற் புதையுண்டனர்.

உலகம் இப்பாதையை அறிந்தது, 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் கதைப்படத்தால். அதன் மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், போருக்கு முன் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிந்தவர். படம் எடுக்கப்பட்டதோ இலங்கையின் கித்துல்கலையில். தமிழரை அறிந்தவர் எழுதி, தமிழர் வாழும் தீவில் எடுத்த படத்தின் கதையில், அப்பாதையில் மடிந்த தமிழருக்கு இடமில்லை. நாடு விடுதலை பெற்றதும் அதே 1957இல்தான்.

குறிஞ்சி வேந்தன் இயக்கிய தமிழ் ஆவணப்படம், அப்பாதையிலிருந்து மீண்ட முதியவர்களை அமரவைத்துப் பேசச் செய்தது. அது வெளிவந்த ஆண்டு 2014. பாதை முடிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இருபது வயதிற் சென்றவருக்கும் அப்போது தொண்ணூறு கடந்திருக்கும். 1960களில் எடுத்திருந்தால் ஆயிரம் பேர் பேசியிருப்பர்; 2014இல் விரல்விட்டு எண்ணத்தக்கவரே எஞ்சினர். கருவி இல்லாமற் போனதா காரணம்? திடலுக்குத் திடல் வண்டி வந்ததே! கேட்கவேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவர் நால்வரைத் தொண்ணூறு வயது கடந்த மூதாட்டி ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவருடைய தந்தையார் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. கைப்பேசியைச் சன்னலோரம் நிறுத்திப் பதினொரு நிமிடம் பதிவு செய்தோம். முதல் நான்கு நிமிடமும் அவர் மாணவரிடம், "சாப்பிட்டீங்களா ஐயா, யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்றே வினவிக்கொண்டிருந்தார். அதனை வெட்டிவிடலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். வேண்டாம் என்றேன். ஐந்தாம் நிமிடத்தில் அவராகவே தொடங்கினார். தந்தையார் புறப்பட்ட அன்று பால் வெட்டும் கத்தியைக் கூரையிற் செருகிவிட்டுப் போனாராம். வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். வீடு மாறும்வரை அதனை யாரும் தொடவில்லையாம். தந்தையாரின் பெயரைச் சொல்லச் சொன்னேன். இருமுறை, தெளிவாகச் சொன்னார். பதிவில் அது நன்றாகக் கேட்கிறது.