மரவில்லின் ஆக்கமும் உடைமையும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

I

வில்லைப் பற்றிய வரலாற்றெழுத்துக்களிற் பெரும்பாலானவை வில்லாளரைப் பற்றியனவே. எந்தக் களத்தில் எந்த மன்னனின் வில்லணி வெற்றிக்குக் காரணமாயிற்று என்பதே அவற்றின் தலையாய அக்கறையாக இருந்து வந்துள்ளது. வில்லைச் செய்த கை யாருடையது, அது எம்மரத்தால் ஆனது, அம்மரம் நின்ற காடு எவரது ஆட்சிக்குட்பட்டது, செய்தவன் அவ்வில்லைப் பயன்படுத்தும் உரிமையை எவ்வளவுக்குப் பெற்றிருந்தான் ஆகிய வினாக்கள் அவ்வெழுத்துக்களில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஆயின், வில் முதலில் வேட்டைக் கருவி. அதாவது, உணவை ஈட்டும் உற்பத்திக் கருவி. போர்க்கருவி என்ற வகையில் அது பெற்ற புகழ் பின்வந்ததாகும். எனவே, ஏனைய உற்பத்திக் கருவிகளைப் போன்றே வில்லையும் உழைப்பு, மூலப்பொருள், உரிமை ஆகிய மூன்றினதும் உறவில் வைத்து ஆராய்தல் வேண்டும். இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ள விழைவது அத்தகையதொரு முயற்சியே.

வில்லைச் செய்தோர் வரலாற்றில் மறைந்து போனமைக்குப் பொருள்சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. மரமும் நாரும் மண்ணில் மக்கிப் போவன. கல்லும் எலும்பும் எஞ்சுவன. எமது நாட்டின் பாஹியன்கலக் குகையிற் கிடைத்த, ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்பு முனைகளை ஆராய்ந்தோர், அவற்றுட் சில அம்பு முனைகளாகப் பயன்பட்டன என 2020 ஆம் ஆண்டில் முடிவு தெரிவித்தனர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லின் வழக்குக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இது வைத்தெண்ணப்படுகிறது. எனினும், அம்முனைகளைச் செலுத்திய வில்லின் ஒரு துணுக்குத்தானும் எஞ்சவில்லை. எனவே, வில்லின் ஆக்கத்தை அறிய விரும்புவோர், மரம் அழியாது காக்கப்பட்ட குளிர்நாட்டுச் சதுப்புகளையும் பனிமலைகளையும் நாட வேண்டியவராகின்றனர்.

II

டென்மார்க்கின் ஹோல்மகோட் சதுப்பில் 1944 இற் கண்டெடுக்கப்பட்ட எல்ம் மரவில்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழைமையுடையன. 1991 இல் ஆல்ப்ஸ் மலைப் பனியிலிருந்து வெளிப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதனுடன், 1.82 மீற்றர் நீளமான யூ மரவில் ஒன்றும் கிடைத்தது. அவ்வில் முற்றுப்பெறாதது, கோடரியாற் செதுக்கிய தடங்கள் அதன்மேல் இன்றும் தெளிவாக உள. முற்றுப்பெற்ற ஆயுதம் வீரனைப் பற்றிப் பேசுமெனின், முற்றுப்பெறாத இவ்வில் உழைப்பாளியைப் பற்றிப் பேசுகிறது எனலாம்.

அவ்வுழைப்பின் தன்மை யாது? வளைந்த வில்லின் இரு முகங்களும் இருவேறு விசைகளுக்கு உட்படுகின்றன. இலக்கை நோக்கிய முதுகுப்புறம் இழுபட்டு நீள முனைகிறது. எய்வோனை நோக்கிய வயிற்றுப்புறம் அமுக்குண்டு குறுக முனைகிறது. யூ மரத்தின் வெளிறு இழுவிசையையும் அதன் வயிரம் அமுக்கத்தையும் நன்கு தாங்கவல்லன. ஆகவே, வெளிறு முதுகாகவும் வயிரம் வயிறாகவும் அமையுமாறு ஒரே துண்டிலிருந்து வில்லை வெட்டியெடுக்கும்போது, இருவேறு பொருள்களை ஒட்டிச் செய்ததற்கு நிகரான பயன் இயற்கையாகவே கிட்டுகிறது. இதனை ஏட்டறிவின்றியே கண்டறிந்தோர் பெயரறியாத மரவேலையாளர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

வேலைமுறையும் அத்தகையதே. நேரான, முடிச்சுக் குறைந்த தண்டைத் தெரிந்து, ஆப்பு அறைந்து நெடுகப் பிளப்பர். வாள் நாரை ஊடறுத்துச் செல்லும்; பிளவோ நாரின் போக்கிலேயே செல்லும். பிளந்த துண்டின் முனைகளிற் கொழுப்போ மெழுகோ பூசி, வெடிப்பு ஏற்படாவண்ணம் நிழலில் மாதக்கணக்கில் உலரவிடுவர். முதுகுப்புறத்து நார்களை அறுபடாது காப்பது முதல் விதி. அறுபட்ட நாரிலிருந்தே முறிவு தொடங்கும். எனவே, தடிப்பைக் குறைக்கும் வேலை வயிற்றுப்புறத்திலும் பக்கங்களிலுமே நிகழும். நடுவிற் பிடி தடித்தும் முனைகளை நோக்கி மெலிந்தும் வருமாறு கைக்கோடரியாற் செதுக்கிக் கத்தியாற் சீவி, ஈற்றில் நாண் பூட்டுவதற்கு இரு முனைகளிலும் குதை வெட்டுவர்.

இதன் பின்னர்த் தொடங்குவதே மிக நுண்ணிய கட்டம். வில்லின் நடுவை ஒரு கட்டையில் நிறுத்தி, நாணைச் சிறிது சிறிதாக இழுத்து, இரு பாதிகளும் ஒத்து வளைகின்றனவா என நோக்குவர். வளையாது விறைத்து நிற்கும் இடத்தைச் சுரண்டுவர். மிகுதியாக வளையும் இடத்தைத் தொடார். சுரண்டுதல், இழுத்தல், நோக்குதல் ஆகிய மூன்றும் பன்முறை மாறி மாறி நிகழும். அகற்றிய மரத்தை மீளச் சேர்த்தல் இயலாது. ஒரு நாளின் அவசரம் ஓராண்டு உலர்ந்த மரத்தை விறகாக்கிவிடும். இங்கு அளவுகோலாய் அமைவது கண்ணும் கையுமே.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, கோடரி, ஆப்பு, கத்தி, சுரண்டி என்பன எந்த உழவன் வீட்டிலும் காணப்படுவன. ஆகவே வில்லை ஆக்கும் கருவிகளை எவ்வாட்சியாலும் எளிதில் தன்வசப்படுத்த முடியவில்லை. மற்றது, நல்ல மரம் எங்கும் விளைவதில்லை. ஆகவே மரத்தையும் காட்டையும் தன்வசப்படுத்துதல் ஆட்சிக்கு இயல்வதாயிற்று. வில்லின் சமூக வரலாறு இவ்விரண்டுக்குமிடையிலான முரண்பாட்டினூடாகவே நகர்கிறது.

III

இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டும் நாடு இங்கிலாந்து. படைச்செலவைக் குறைக்க விரும்பிய ஆட்சிக்கு, தன் வில்லைத் தானே வைத்திருந்து பயிலும் உழவன் பெரும் பேறாக அமைந்தான். 1363 இல் மூன்றாம் எட்வேட், உடல்வலுவுடைய ஆடவர் யாவரும் திருநாட்களில் வில்வித்தை பயிலல் வேண்டும் எனவும், பந்தாட்டம், சேவற்போர் போன்றவற்றில் ஈடுபடலாகாது எனவும் அறிவிக்கச் செய்தான். உழைக்கும் மக்களின் ஓய்வுநேரமும் இவ்வாறு படைப்பயிற்சி நேரமாக்கப்பட்டது.

1381 இல் அதே மக்கள் கிளர்ந்தெழுந்து இலண்டன் நகருட் புகுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், 1390 இற் கூடிய பாராளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றிற்று. ஆண்டொன்றுக்கு 40 சிலிங் வருவாய் தரும் நிலமில்லாத பொதுமக்கள் வேட்டை நாய்களையோ வலைகளையோ வேறு வேட்டைக் கருவிகளையோ வைத்திருத்தலாகாது என்பது அதன் சாரம். கைவினைஞரும் கூலியாட்களும் திருநாட்களில் வேட்டை என்ற பெயரிற் கூடிச் சதி செய்கின்றனர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். இருபத்தேழு ஆண்டு இடைவெளியில் தோன்றிய இவ்விரு கட்டளைகளையும் அருகருகே வைத்து நோக்குதல் பயன்தரும். திருநாளில் அரசனுக்காக எய்யப் பழகுவது கடமையாயிற்று. அதே திருநாளில் தன் அடுப்புக்காக வேட்டையாடுவது குற்றமாயிற்று. உழவனின் கை ஆட்சிக்குத் தேவைப்பட்டது. அக்கையைக் கண்டே ஆட்சி அஞ்சவும் செய்தது.

இதே காலத்தில் ஆக்கமும் மாற்றமுற்றது. 1371 இல் இலண்டன் நகரில் வில் செய்வோர் வேறு, அம்பு செய்வோர் வேறு எனத் தொழில்கள் பிரிக்கப்பட்டன. உள்நாட்டு மரம் போதாமையால் யூ மரத்தண்டுகள் கடல் கடந்து வந்தன. 1472 ஆம் ஆண்டுச் சட்டம், வில்மரம் விளையும் நாடுகளிலிருந்து வரும் சரக்கின் ஒவ்வொரு தொன்னுக்கும் நான்கு தண்டுகள் கொண்டுவரப்பட வேண்டும் என வணிகரைப் பணித்தது. 1484 இல், இறக்குமதியாகும் மல்ம்ஸி மதுவின் ஒவ்வொரு பீப்பாவுக்கும் பத்துத் தண்டுகள் என விதிக்கப்பட்டது. ஒரு நாட்டின் போர்த்தேவை மற்றொரு நாட்டின் மலைக்காட்டை வெறிதாக்குவது பிற்காலக் குடியேற்ற ஆட்சிக்கு மட்டும் உரிய பண்பல்ல என்பதற்கு இது சான்று.

1545 இல் மூழ்கிய மேரி றோஸ் என்னும் போர்க்கப்பல் 1982 இல் உயர்த்தப்பட்டது. அதனுள்ளிருந்து முழுமையான வில்கள் 137 மீட்கப்பட்டன. அவை பெரும்பாலும் எய்வோனின் உயரத்தை விஞ்சி நீண்டவை. உடன் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றின் தோள் எலும்புகளிற் காணப்பட்ட மாற்றத்தை, இளமை முதலே வில் வலித்ததன் விளைவென ஆய்வாளர் விளக்கியுள்ளனர். உழைப்பு எலும்பில் எழுதிச் சென்ற ஆவணம் அது. கப்பல் மூழ்கிய அதே 1545 இல் றொஜர் அஸ்கம் என்னும் கேம்பிறிட்ஜ் அறிஞர் வில்வித்தை பற்றிய தம் நூலை வெளியிட்டார். அந்நூல் எய்வோனை நோக்கி எழுதப்பட்டது. செய்வோனின் குரல் அதிலும் ஒலிப்பது அரிது. 1595 இல் அரச ஆலோசனைச் சபை பயிற்சிப் படைகளில் வில்லின் இடத்தைத் துப்பாக்கிக்கு வழங்கிற்று. இரு நூற்றாண்டுக்கு மேலாக மக்கள்மேற் சுமத்தப்பட்ட கடமை இவ்வாறு முடிவுற்றது. அவர்களுக்கு மறுக்கப்பட்ட வேட்டையுரிமையோ மீளவில்லை.

IV

இங்கிலாந்திற் கண்டது ஒரே சமூகத்துள் வர்க்கங்களுக்கிடையே நிகழ்ந்த முரண்பாடு. ஒரு சமூகம் மற்றொன்றின் நிலத்தைக் கைப்பற்றும்போது வில்லின் அறிவுக்கு நேர்வது யாது என்பதைக் கலிபோர்ணியாவின் வரலாறு காட்டுகிறது. 1848 இற் பொன் கண்டுபிடிக்கப்பட்டதை அடுத்துப் பெருகிய குடியேற்றக்காரர், 1860 களில் யாஹி மக்களைப் படுகொலைகள் மூலம் ஏறத்தாழ முற்றாக அழித்தனர். எஞ்சிய ஒருவர் 1911 இல் ஓறோவில் நகரருகே வெளிப்பட்டார். அவர் தம் பெயரை வெளியிடவில்லை. மனிதன் எனப் பொருள்படும் 'இஷி' என்ற சொல்லே அவருக்குப் பெயராயிற்று. பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்த அவர், சூனிப்பர் மரத்தைச் செதுக்கி, மணற்கல்லால் தேய்த்து, சல்மன் மீன்தோலிற் காய்ச்சிய பசையால் முதுகிலே தசைநார் ஒட்டி, வில் செய்து காட்டினார். அவருக்கு மருத்துவராயிருந்த சக்ஸ்ரன் போப் அக்கலையை அவரிடம் பயின்றார். 1916 இல் இஷி காசநோயால் இறந்தார். 1923 இல் போப்பின் நூல் வெளிவந்தது. அமெரிக்காவில் வீட்டிலேயே வில் செய்யும் பழக்கம் மீண்டும் பரவுவதற்கு அந்நூல் பெருந்தூண்டுதலாயிற்று. கலை காப்பாற்றப்பட்டது, கலைக்குரிய மக்கள் காப்பாற்றப்படவில்லை. ஓய்வுநேரக் கலையாக இன்று போற்றப்படும் ஒன்றின் வேரில் இவ்வரலாறு உறைந்துள்ளமை மறக்கற்பாலதன்று.

V

இந்நோக்கை எமது நாட்டின் வேடர் மீது திருப்புவது தகும். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் ஒரு பண்டமாற்றை விவரிக்கிறார். வேடர் இரவில் இறைச்சியைக் கொண்டுசென்று கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவர்; வேண்டிய அம்பு முனையின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் அருகே தொங்கவிடுவர். கொல்லன் அவ்வண்ணமே முனைகளைச் செய்து அங்கே வைத்துவிடுவான். வில் காட்டிலே பிறந்தது. இரும்பு ஊரிலிருந்து வந்தது. தன்னிறைவுடையது எனக் கருதப்படும் வேட்டைச் சமூகமும் மூலப்பொருள் காரணமாக வேளாண் சமூகத்துடன் பிணைக்கப்பட்டிருந்தது என்பதையும், அப்பிணைப்பில் வேடர் வெறும் இரவலராக இராது வடிவத்தைத் தாமே வகுத்தனர் என்பதையும் அவ்விலை உணர்த்துகிறது.

1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பானைப் பகுதி வேடரின் வேட்டை நிலங்கள் அதன் எல்லைக்குள் அடங்கின. அங்கு வேட்டையாடுதல் சட்டவிரோதமாயிற்று. வில்லை எவரும் பறிக்கவில்லை. ஆயின், காட்டை இழந்த வில், பார்வையாளர் முன் எய்து காட்டும் பொருளாகச் சுருங்கிற்று. காட்டுயிர்களைக் காத்தல் இன்றியமையாதது என்பதில் எமக்கு ஐயமில்லை. அக்காப்பின் விலையை யார் செலுத்தினர் என்பதே நாம் எழுப்பும் வினா.

தொகுத்து நோக்குமிடத்து, வில்லைச் செய்யும் அறிவு எக்காலத்தும் உழைப்போர் கையிலேயே இருந்து வந்துள்ளது. கையிலுள்ள அறிவைச் சட்டத்தாற் கைப்பற்ற இயலாது. சட்டம் கைப்பற்றியவை மரம், காடு, ஓய்வுநாள், வேட்டையுரிமை ஆகியனவே. ஒரு மக்கட் கூட்டத்தின் கைத்திறனைப் பேணுகிறோம் என்போர், அத்திறன் வாழ்ந்த நிலத்தையும் அதன் மீதான உரிமையையும் பற்றிப் பேசாதிருப்பாராயின், அவர்கள் பேணுவது நாண் இழந்த வில்லையே ஆகும்.