ஆணையும் ஆர்வமும்: கர்நாடக ஆசிரியர்களின் பணியிடைக் கற்றல், 1975–2020

பெங்களூரு பனசங்கரியில் உள்ள மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சித் துறை 1975-இல் தொடங்கப்பட்டது. கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர் எதை, எத்தனை நாள் கற்க வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவானது. 1986 கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டப் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. 1990-களில் வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் சேர்ந்தன. மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்ல, அவர் வட்டாரத்துக்குச் சொல்ல, கடைசியில் ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது நீர்த்துப்போன பாடம். ஆசிரியருக்கு என்ன ஐயம் என்று எந்தப் படியிலும் கேட்கப்படவில்லை.

இந்தப் போக்குக்கு எதிரான நிகழ்வு தலைநகரில் நடக்கவில்லை. மைசூரு மாவட்டக் காட்டோரத்து ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில் நடந்தது. ஓரிரு ஆசிரியரே எல்லா வகுப்புகளையும் பார்த்துக்கொள்ளும் பள்ளிகள் அங்கே நிறைய. 1995-இல் யுனிசெஃப் உதவியுடன் அவ்வட்டத்து ஆசிரியர்கள் சிலர் ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குச் சென்று, அட்டைகளையும் கற்றல் ஏணியையும் கொண்டு பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் கற்பதைக் கண்டார்கள். திரும்பியதும் கன்னடத்தில் தாங்களே அட்டைகளை உருவாக்கி, வகுப்பில் பயன்படுத்திப் பார்த்து, திருத்தினார்கள். ‘நலி-கலி’ பிறந்த கதை இது. குழந்தைகளுக்கான முறையாகவே இதை எல்லோரும் பேசுகிறார்கள். என் பார்வையில் இதன் பெரும் பயன் ஆசிரியர்களுக்குக் கிடைத்தது: தங்கள் வகுப்பின் சிக்கலைத் தாங்களே தீர்க்க முடியும் என்ற நம்பிக்கை.

இந்த நம்பிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. அமெரிக்க உளவியலர் எட்வர்ட் டெசி 1971-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். புதிர் அவிழ்க்கப் பணம் பெற்ற மாணவர்களுக்கு, பணம் நின்றதும் அந்தப் புதிரில் ஆர்வம் குறைந்தது. பின்னர் ரிச்சர்ட் ரயனுடன் சேர்ந்து, உள்ளார்ந்த ஊக்கம் தழைக்க மூன்று தேவைகளைச் சொன்னார்: சொந்தத் தெரிவு, ‘என்னால் முடியும்’ என்ற உணர்வு, உடன் நிற்கும் மனிதர்கள். ஹெக்கடதேவனகோட்டையில் மூன்றும் கூடிவந்தன.

அதே காலத்தில் அரசு வேறு திசையிலும் முயன்றது. 1996 ஜனவரியில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தொலைக்காட்சிப் பயிற்சி நடந்தது. வல்லுநர்களிடம் அவர்கள் நேரடியாகக் கேள்வி கேட்க முடிந்தது. இடைப்படிகள் நீங்கின. ஆனால் தலைப்பைத் தேர்ந்தவர் ஆசிரியர் இல்லை.

2009-10-இல் நலி-கலி மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. அச்சிட்ட அட்டைகள் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. அவற்றை உருவாக்கிய அனுபவம் வரவில்லை. புதிதாகப் பெற்ற ஆசிரியருக்கு இதுவும் இன்னோர் ஆணையே. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் தமிழகமெங்கும் பரவியதைப் பார்த்த நம் ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

ஆணையில்லாமல் ஆசிரியர்கள் கூடிய முயற்சிகளும் இருந்தன. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, ராஜஸ்தானிலும் உத்தராகண்டிலும் தன்னார்வ ஆசிரியர் மன்றங்களை வளர்த்தது. வரச்சொல்லி ஆணை இல்லை, பயணப்படி இல்லை. பள்ளி முடிந்தபின் விருப்பமுள்ளவர்கள் கூடினார்கள். அரசின் ‘அனைவருக்கும் கல்வி இயக்கம்’ நடத்திய 20 நாள் பயிற்சிக்கு வருகைப் பதிவேடு இருந்தது. இந்தக் கூட்டங்களுக்கு இருந்தவை வகுப்பறைக் கேள்விகள். பின்னர் கர்நாடக அரசின் ‘குரு சேதனா’ திட்டம், எந்தப் பயிற்சி வேண்டுமென்று ஆசிரியரே தேர்ந்தெடுக்க இடம் தந்தது. பட்டியலில் இருப்பதிலிருந்துதான் தேர்வு என்றாலும், பனசங்கரியின் வரலாற்றில் இது பெரிய மாற்றம்.

1996-இல் இஸ்ரோவின் தலைவராக இருந்த கஸ்தூரிரங்கனே பின்னாளில் புதிய கல்விக் கொள்கையின் வரைவுக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 2020-இல் வந்த அக்கொள்கை, ஆசிரியர் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தம் ஆர்வத்தின் வழியே கற்க வேண்டும் என்கிறது. மணியைப் பதிவேட்டில் எண்ணிவிடலாம். ஆர்வத்துக்கு இடம் வேண்டுமானால், தம் வகுப்புக்காக ஆசிரியர்கள் கூடி அட்டை எழுதித் திருத்தும் வேலையும் அந்த 50 மணியில் சேர வேண்டும். அதை ஏற்கும் அதிகாரம் குறுவள மையத்துக்கு வேண்டும்.