காணொளி சர்வரின் திறன் தேர்வு: கோர் எண்ணிக்கையும் இணைப்பு வேகமும்

காணொளிகளை இணையத்தில் வழங்கும் சர்வருக்குப் பெரிய பிராசசர் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வாடகைப் பட்டியல்கள் கோர் எண்ணிக்கையை முதல் வரியிலேயே போடுவதும் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் பதிவான காணொளியை அனுப்புகையில் சர்வர் பெரிதாக எதையும் கணக்கிடுவதில்லை. வட்டில் கிடக்கும் கோப்பை எடுத்து நெட்வொர்க் கார்டுக்குத் தள்ளுகிறது. ஆகவே பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது இணைப்புதான்.

முழு எச்டி காணொளிக்கு விநாடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால், 1 ஜிகாபிட் போர்ட்டில் ஏட்டளவில் 200 பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். போர்ட்டை விளிம்புவரை நிரப்பினால் பாக்கெட்டுகள் தவறிப் படம் நின்று நின்று ஓடும். 70 விழுக்காட்டோடு நிறுத்தினால் 140 பேர். ஒருவர் ஒரு மணி நேரம் பார்க்க 2.25 ஜிகாபைட் செல்லும். நாள்தோறும் 100 பேர் ஒரு மணி நேரம் பார்க்கும் பாடத் தளத்துக்கு 30 நாளில் 6.75 டெராபைட் ஆகிவிடும். மாத வரம்பு 5 டெராபைட் என்றால் 32 கோர் இருந்தும் பயனில்லை.

அடுத்தது சேமிப்பு. காணொளியை இணையத்தில் ஓடவிடும் எச்எல்எஸ், டேஷ் ஆகிய இரு முறைகளிலும் அது சில விநாடித் துண்டுகளாக, பல தரங்களில் வைக்கப்படுகிறது. 5, 2.8, 1.4, 0.8 மெகாபிட் என நான்கு தரங்கள் வைத்தால் ஒரு மணி நேரப் படத்துக்கு 4.5 ஜிகாபைட் இடம் போதும். சிக்கல் இடத்தில் இல்லை. நூறு பேர் நூறு இடங்களில் பார்க்கும்போது ஹார்ட் டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் அலைந்து, வரிசையாகப் படிக்கும் வேகத்தை இழக்கிறது. என்விஎம்இ வட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதிகம் பார்க்கப்படும் துண்டுகள் ரேமிலேயே தங்கிவிடுவதால், ரேமைக் கூட்டுவது கோரைக் கூட்டுவதைவிடப் பலன் தரும்.

எச்டிடிபிஎஸ் மறையாக்கத்துக்குப் பிராசசர் வேண்டாமா என்ற மறுப்பு எழலாம். இன்றைய பிராசசர்களில் அதற்கெனத் தனிக் கட்டளைகள் உள்ளன. சிறிய தளங்களுக்கு அது சுமையே அல்ல. பெரிய அளவில் முட்டுக்கட்டை வேறிடத்தில் முளைக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளமும் என்ஜின்எக்ஸ் வலை மென்பொருளும் கொண்டு இயங்கும் தன் சர்வர் ஒன்றிலிருந்து விநாடிக்கு 400 ஜிகாபிட் அனுப்ப முயன்ற அனுபவத்தை நெட்ஃபிளிக்ஸ் 2021இல் வெளியிட்டது. 400 ஜிகாபிட் என்பது 50 ஜிகாபைட். மறையாக்கத்தைப் பிராசசரே செய்தால் ஒவ்வொரு பைட்டும் வட்டிலிருந்து நினைவகத்துக்கும், அங்கிருந்து பிராசசருக்கும், மீண்டும் நினைவகத்துக்கும், கடைசியில் நெட்வொர்க் கார்டுக்கும் என நான்கு முறை நினைவகப் பாதையைக் கடக்கிறது: 200 ஜிகாபைட். 32 கோர் கொண்ட அந்த ஏஎம்டி எபிக் சர்வரின் நினைவகம் நடைமுறையில் தந்தது விநாடிக்கு ஏறத்தாழ 150 ஜிகாபைட். அதனால் ஓட்டம் 240 ஜிகாபிட்டை ஒட்டியே நின்றது. மறையாக்கத்தை நெட்வொர்க் கார்டுக்கே மாற்றியபோது கடப்பு இரண்டாகக் குறைந்து, ஓட்டம் 380ஐ எட்டியது. கோர்களைக் கூட்டியிருந்தால் இது நடந்திராது.

பிராசசர் உண்மையில் தேவைப்படும் இடம், பதிவேற்றிய காணொளியைப் பல தரங்களுக்கு மாற்றும் பணி. இதைச் செய்யும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் எல்லாக் கோர்களையும் விழுங்கக்கூடியது. அதே இயந்திரத்தில் பார்வையாளர்களும் இருந்தால் அவர்களுக்குத் தடங்கல்தான். பதிவுக் காணொளியாயின் தனி இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வேலையை முடித்துவிடலாம். ஒரு முறை மாற்றினால் போதும். நேரலையில் இந்தச் சலுகை கிடையாது. ஓட்டத்துக்கு ஈடாக மாற்றம் நடந்தாக வேண்டும் என்பதால் அங்கு ஜிபியுவோ கூடுதல் கோர்களோ தவிர்க்க முடியாதவை.

பதிவுக் காணொளிகளை மட்டும் வழங்கும் நடுத்தரத் தளத்துக்கு 8 கோர், 64 ஜிபி ரேம், இரண்டு என்விஎம்இ வட்டு, 10 ஜிகாபிட் போர்ட் போதும். அந்தப் போர்ட் மேற்கண்ட கணக்கில் 1,400 பேரைத் தாங்கும். அதற்கு மேல் கூட்டம் வந்தாலோ, பார்வையாளர்கள் பல நாடுகளில் சிதறியிருந்தாலோ, இன்னும் பெரிய சர்வர் வாங்குவதைவிட, காணொளியின் நகல்களைப் பல இடங்களிலிருந்து வழங்கும் சிடிஎன் சேவையை முன்னால் நிறுத்தி, மூல சர்வரைச் சிறிதாகவே வைத்திருப்பது மேல்.