துண்டு முதல் தொடுதிரை வரை: ஊவாத் தோட்டங்களில் எழுத்தறிவின் வரலாறு

எழுத்தறிவு என்பது எழுத்துக்களை இனங்கண்டு வாசிக்கும் ஆற்றல் மட்டுமன்று. தன்னைப் பற்றி எழுதப்படுவதைப் படித்துணரவும், பிழையெனக் கண்டவிடத்து மறுத்துரைக்கவும் ஒருவர் பெறும் தகைமையும் அதுவேயாகும். இந்நோக்கில் இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. தோட்டங்களுக்கு எழுத்து முதலில் வந்தது. எழுத்தறிவு பல பத்தாண்டுகள் பிந்தியே வந்தது. கணினி அறிவிலும் அதே நிலை மீண்டும் ஏற்படுமா என்பது இன்று எழும் வினாவாகும்.

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் முதலில் எதிர்கொண்ட எழுத்து, பாடப்புத்தகத்தில் உள்ளதன்று. அது ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் இருந்தது. கடன்தொகையைத் தீர்ப்பவரிடம் தொழிலாளரை விடுவிக்கச் சம்மதம் எனத் தோட்ட நிருவாகம் எழுதிக் கொடுத்த இச்சீட்டே, அவர்கள் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும் வழியைத் தீர்மானித்தது. தொகையைக் கூட்டியவரும் குறைத்தவரும் பிறர். அதற்குக் கட்டுப்பட்டவரோ அதனை வாசிக்க இயலாதவர். நாள்தோறும் பெரட்டில் நின்று உழைத்தவரின் கூலியும் செக்குரோலில் ‘பேர்’ விழுவதைப் பொறுத்தே அமைந்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அதே காலப்பகுதியில் ஊவா மலைகளில் மற்றுமொரு மாற்றம் நிகழ்ந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் எழுந்தது. 1924இல் புகையிரதப் பாதை தெமோதரையூடாகப் பதுளையை எட்டியது. தெமோதரையில் மலைச்சரிவின் இறக்கத்தைத் தணிக்கும்பொருட்டுப் பாதை குன்றை வளைந்து சுற்றி, தான் கடந்து வந்த நிலையத்தின் கீழாகவே சுரங்கத்தினுள் நுழைந்து செல்கின்றது. தேயிலையைத் துறைமுகத்துக்கு அனுப்புவதற்கு இத்துணை நுட்பமான அறிவு மலைகளில் பயன்படுத்தப்பட்டது. ஆயின், அம்மலைகளின் பிள்ளைகளுக்கு எவ்வளவு அறிவு போதுமெனக் கருதப்பட்டது? 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்டத் துரையின் கடமையாக்கியது. பத்து வயதுக்கு மேல் கல்வி வேண்டுமென அச்சட்டம் கருதவில்லை. கல்வியை வழங்கும் பொறுப்பும் வேலை வாங்குபவரிடமே விடப்பட்டது.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகளாகவே தொடர்ந்தன. இதன் விளைவு வகுப்பறைக்கு வெளியேதான் கடுமையாக உணரப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், குறித்த காலம் இடையறாது வசித்தமையை எண்பிக்குமாறு கோரியது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. இதற்கு அரசியற் காரணங்களே முதன்மையானவை. எனினும், தலைமுறைகளாகப் பிறர் கையில் இருந்த பதிவேடுகளைக் கொண்டு தம் வாழ்வை நிறுவ வேண்டிய நிலையில் அம்மக்கள் நின்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1977ஆம் ஆண்டு முதலே அவை படிப்படியாக அரச பாடசாலைகளாயின.

இவ்வாறு ஏட்டுக்கல்வி ஓரளவு நிலைபெறும் வேளையிலேயே கணினி வந்து சேர்ந்தது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி அறிவு அளவீடுகள் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று பிரிவுகளாக வெளியிடப்படுகின்றன. தோட்டப்பிரிவு அவற்றில் கடைநிலையிலேயே இருந்து வருகின்றது. இதனினும் சிந்தனைக்குரியது அவ்வளவீட்டின் வரைவிலக்கணம். தாமாகக் கணினியை இயக்கக்கூடியவர் அனைவரும் கணினி அறிவுடையோர். கணினியில் விளையாடத் தெரிந்த ஐந்து வயதுக் குழந்தையும் அதில் அடங்கும். கையெழுத்திடத் தெரிந்தவரை எழுத்தறிவுடையவர் எனக் கொள்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையவழிக்கு மாறியபோது மலைநாட்டின் உண்மை நிலை வெளிப்பட்டது. 2021இல் ஊவாவின் போகிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்தில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும் மாணவரும் அலைவரிசை தேடிக் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து பாறையொன்றில் ஏறினர். லுணுகலையில் பிள்ளைகள் மலையுச்சியில் மரத்தின்மேல் அமைந்த பரணிலிருந்து பாடங்களைப் பெற்றனர். வறுமையும் தொலைவும் இனம் பார்ப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும். தோட்டத்து லயங்களிலோ, ஒரே கையடக்கத் தொலைபேசியைப் பல பிள்ளைகள் பகிரும் சிக்கலும் அதனோடு சேர்ந்துகொண்டது.

கருவிகளை வழங்குவதோடு இக்குறை தீர்ந்துவிடாது. ‘டிஜிட்டல் எழுத்தறிவு’ என்னும் தொடரை 1997இல் தம் நூலின் வழி பரவலாக்கிய போல் கில்ஸ்டர், விசைகளை அழுத்தும் திறனை அன்றி, கிடைக்கும் தகவலை மதிப்பிடும் திறனையே அதன் உள்ளீடாகக் கொண்டார். கருவிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. இன்று பயிலும் செயலி மாணவர் பாடசாலையை விட்டு நீங்குமுன் வழக்கொழியக்கூடும். மதிப்பிடும் திறன் அவ்வாறு வழக்கொழிவதில்லை. பகிரப்படும் செய்தியின் மூலத்தைத் தேடுதல், கடன் வழங்கும் செயலியின் நிபந்தனைகளைப் படித்தல், பெற்றோரின் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கைச் சரிபார்த்தல், அரச படிவத்தைத் தாமே நிரப்புதல் ஆகியன தோட்டப் பாடசாலை மாணவருக்கு வேண்டிய பாடங்களாகும். 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே யுனிக்கோட் தமிழ் எழுத்துக்களுக்கு இடமளித்தது. ஆதலால் எழுத்துரு ஒரு தடையன்று. வேண்டுவன தமிழ்மொழியிற் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், மலைச்சரிவை எட்டும் இணைய வசதியுமேயாம்.

துண்டுச் சீட்டின் காலத்தில் தொழிலாளரைப் பற்றிய பதிவு துரையின் பணிமனையில் இருந்தது. இன்று அது எங்கோ ஒரு கணினியில் உள்ளது. நலன்புரிக் கொடுப்பனவு பெறும் தகுதி முதல் அடையாளம் வரை அதனாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. அப்பதிவைத் திறந்து பார்த்து, பிழை கண்டு, திருத்தக் கோரும் தலைமுறையை உருவாக்குவதே ஊவாவின் தோட்டப் பாடசாலைகள் முன்னுள்ள பணியாகும். 1907இல் பத்து வயதோடு போதுமென வரையறுத்தவர் பிறர். 1977இன் பின்னர் இப்பாடசாலைகள் யாவும் தேசியக் கல்வி முறையின் பகுதிகளாகிவிட்டன. ஆகலின், இம்முறை எவ்வளவு போதும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அரசையும் மலையகத்தின் கற்ற சமூகத்தையுமே சாரும்.