ஏரி மட்டமும் நீர் போகும் திசையும்

காட்டுமன்னார்கோயிலில் இயற்பியல் நடத்துகிற எனக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை, வீராணம் ஏரி இருக்கிறது. நீர்மட்டம் 47.5 அடி என்றால் ஏரி நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். எந்தத் திசையில் 47.5 என்று யாரும் கேட்பதில்லை. அது ஸ்கேலர், அதாவது திசை இல்லாத வெறும் அளவு.

ஆனால் ஏரியை அமைத்தவர்களின் கவலையெல்லாம் திசையைப் பற்றியது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் எழுந்த ஏரி இது. வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயரே பெயராயிற்று. மகன் இராசாதித்தன் வெட்டுவித்தான் என்பார்கள். நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் பெருங்கரையைக் கிழக்குப் பக்கம், தெற்கு வடக்காகப் போட்டார்கள். ஏறத்தாழ 16 கிலோமீட்டர்! அதே நீளக் கரையைக் கிழக்கு மேற்காகப் போட்டிருந்தால் இந்த ஏரி தேறியிருக்காது.

நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்த ஸ்கேலர். கரைமேல் அது விசையாகும்போது திசை வந்துவிடுகிறது: கரைக்குச் செங்குத்தாகத் தள்ளும். ஆடியில் மேல்காற்று கிளப்பும் அலையும் அதே கிழக்குக் கரையில்தான் மோதும். ஒரே பக்கம் தள்ளும் இரண்டு விசைகள் கூடும். அதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார். அங்கிருந்து வடவாறு வழியே ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. 2004 முதல் ஏரி நீர் குழாயில் வடக்கே சென்னைக்கும் போகிறது. கிழக்கு மதகுகளின் கீழ் சம்பா பயிரிடுகிறவர்கள் மட்டத்தை மட்டும் கேட்டு நிம்மதி அடைவதில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் திறக்கப்படுகிறது என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்.